டபுள் கட்டில் வைத்திருந்த பிரம்மச்சாரி

ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். 2010 வாக்கில் இருக்கும். கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் மெஷின்களோடு வந்து இறங்கினார்கள். மெஷினை எங்கே இறக்குவது என்று கம்பெனிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆளை எங்கே தங்கவைப்பது என்பதுதான் தெரியவில்லை. அதனால் சுற்றுவட்டாரத்தில் காலி வீடு வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரு சோபாவை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டுக்காரனுக்காகக் காத்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில், பழைய ஊரின் நட்டநடுவே, கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒன்றில், ஒரு வீட்டு வாசலிலும் அப்படி ஒரு பலகை தொங்கியது. 'ஃபர்னிஷ்டு வீடு. வெளிநாட்டவருக்கு மட்டும்.'

நான் வெளிநாட்டவன் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், குவாலிட்டியில் வேலை. படப்பையில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் நான் போய் நின்றது கம்பெனி வேலையாகத்தான். பயிற்சி கொடுக்க வந்திருந்த ஒரு கொரியாக்காரருக்கு வீடு பார்க்க வேண்டும், உனக்குத்தான் ஏரியா தெரியும் என்று எச்.ஆர். என்னை அவரோடு காரில் ஏற்றி அனுப்பிவிட்டது. படப்பைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் எவ்வளவு தூரம் என்று எச்.ஆருக்குத் தெரியாது.

கொரியாக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதிலேயே வீட்டுக்காரருக்குப் பாதி மனசு நிறைந்துவிட்டது. வந்தவர் சோபாவில் உட்கார்ந்தார். சோபாவுக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்ததால் அது கீச்சென்று கத்தியது. எழுந்துவிட்டார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று கேள்வி கேட்டார். கோவில் ஒலிபெருக்கி காலையில் எத்தனை மணிக்குப் பாடும், குளிக்கிற இடத்தில் ஏன் இவ்வளவு பெரிய அண்டா இருக்கிறது, வீட்டில் பன்றிக்கறி சமைக்கலாமா. மூன்றாவதை நான் மொழிபெயர்த்ததும் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொரியாக்காரர் புரிந்துகொண்டு இடுப்பை வளைத்து வணங்கினார். வீட்டுக்காரரும் வளைந்து வணங்கினார். அவர் மறுபடி வணங்க, இவர் மறுபடி வணங்க, இருவரும் வாசல் வரை இப்படியே போனார்கள்.

கொரியாக்காரருக்குப் பிடிக்காத வீடு எனக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வீடு தேவைப்பட்டது. ஊரில் எனக்கு நிச்சயம் முடிந்திருந்தது, தையில் கல்யாணம். பெண்ணை நேரில் ஒரே ஒரு தடவை பத்து நிமிடம் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு எல்லாம் போன்தான். தினமும் டீ பிரேக்கில் கேன்டீன் பின்பக்கம் நின்று பேசுவேன். அவள் என்ன சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். சாம்பாரில் உப்பு கூடிப்போனதைச் சொன்னாலும் சிரிப்பேன். அந்த அளவுக்கு முற்றிவிட்டது. அவளைக் கூட்டிவந்து வைக்க ஒரு வீடு வேண்டும், ஆனால் கல்யாணமாகாத பையனுக்கு அந்தப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகைகூடக் கொடுக்கமாட்டார்கள். கல்யாணம் ஆன பிறகு வா என்பார்கள். வீடு இருந்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் தனியாகப் போனேன். வீட்டுக்காரர் வல்லம் வடகால் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதும் கோவில் தெருவில் இந்த வீட்டை வாங்கி, மாடியில் மகளோடு குடியிருந்தார். மனைவி காலமாகிவிட்டார். மருமகன் துபாயில் இருக்கிறாராம், விசா வந்ததும் மகளும் போய்விடுவாளாம். மகள் ஏதோ போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கீழ்வீட்டுச் சாமான்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்காகவே புதிதாக வாங்கியவை என்று அவர் சொன்னார்.

நிச்சயத் தாம்பூலப் பத்திரிகையைக் காட்டினேன். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது நிச்சயம்தானே. கல்யாணம் ஆவலயே."

"தையில ஆயிரும்ங்க."

வெகுநேரம் யோசித்தார். ஒன்றரை வருடமாகத் தொங்கிக் காற்றில் ஒரு மூலை உடைந்துபோன பலகையும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சரி என்றார். தெருவுக்கு நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காதே என்றும் சொன்னார். தெருவுக்கு என்ன சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பிறகு நான் பட்ட பாட்டில் பாதி இருந்திருக்காது.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதினோம். என் பெயருக்கு ஒரு வரி, சாமான்களுக்கு இரண்டு பக்கம். டபுள் கட்டில், மெத்தை, இரண்டு தலையணை, ஸ்டீல் பீரோ, டிரஸ்ஸிங் டேபிள், சோபா, கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேஜை, நாற்காலி ஆறு. எதையும் இடம் மாற்றக் கூடாது. எந்த உறையையும் பிரிக்கக் கூடாது. பீரோவைத் திறக்கக் கூடாது, சாவி அவரிடமே இருக்கும். நான் துணியை ஆணியில் மாட்டிக்கொள்ளலாம்.

அப்படித்தான் என் ஃபர்னிஷ்டு வாழ்க்கை ஆரம்பித்தது. முதல் நாள் கட்டிலில் படுத்தேன். மெத்தையின் பிளாஸ்டிக், திரும்பினால் கரகரவென்றது, திரும்பாவிட்டால் முதுகில் ஒட்டிக்கொண்டது. மாடியில் இருமல் சத்தம் கேட்டது. மறுநாள் காலை வீட்டுக்காரர் கீழே வந்து, "ராத்திரி ரொம்ப பொரண்டுக்கினு இருந்தியே, ஒடம்பு சரியில்லையா" என்று விசாரித்தார். அதோடு பாயை விரித்துத் தரையில் படுக்க ஆரம்பித்தேன். மேஜையின் கண்ணாடியில் டம்ளர் வட்டம் விழக்கூடாது என்பதால் சாப்பாடும் தரையில்தான். ஆறு நாற்காலி சுற்றி நிற்க, நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். நாற்காலிகள் என்னை இன்டர்வியூ எடுப்பதுபோல இருக்கும்.

ஞாயிறுதோறும் வீட்டுக்காரர் சோதனைக்கு வருவார். குழாய் சொட்டுகிறதா பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டு நேரே படுக்கை அறைக்குப் போவார். கட்டிலின் உறையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். நானும் குவாலிட்டியில் வேலை பார்ப்பவன்தான். லைனில் வருகிற பாகத்தைக்கூட நாங்கள் இத்தனை தடவை சோதிப்பதில்லை.

அந்த வீட்டில் புதிதாக இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுப்பொட்டுகள் ஒட்டியிருந்தன. அரக்குக் கலரில் சின்னதும் பெரிசுமாக ஏழெட்டு. முதல் வாரமே அவற்றைச் சுரண்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் முகம் மாறியது. அது கெடக்கட்டும், அதுல கை வெக்காத என்றார். கடையில் காட்சிக்கு வைத்திருந்தபோது யாராவது ஒட்டியிருப்பார்கள் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். ஷேவ் செய்யும்போது கொஞ்சம் குனிந்தால் அதில் ஒரு பொட்டு சரியாக என் நெற்றியில் வந்து உட்காரும். போனில் இதை அவளிடம் சொல்லியிருக்கலாம், சிரித்திருப்பாள். ஏனோ சொல்லவில்லை.

இப்படி நாலு மாதம் ஓடியது. கார்த்திகை பிறந்ததும் ஊரில் சீர் பேச்சு எழுந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கட்டில், மெத்தை, பீரோ, பாத்திரம் எல்லாம் தகப்பனார் வாங்கி வேனில் ஏற்றி, பெண் குடித்தனம் போகிற வீட்டில் கொண்டுபோய் இறக்குவார். அவர் ராஜபாளையத்தில் கட்டிலுக்குச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு உடனே முற்போக்கு வந்துவிட்டது. மாமாவுக்கு எதற்கு இந்தச் செலவு, இங்கேதான் எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தேன். போன் போட்டேன்.

"மாமா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். எங்கிட்ட எல்லாம் இருக்கு. டபுள் கட்டில் இருக்கு, பீரோ இருக்கு, டிரஸ்ஸிங் டேபிளும் இருக்கு."

சரிங்க மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. கேன்டீனில் இரண்டு பேரைப் பிடித்து வைத்து வரதட்சணையைப் பற்றிப் பேசினேன்.

சங்கரன்கோவிலில் அந்தப் போன் வெடித்த விதத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெண்ணின் தாய்மாமன் லாரி டிரைவர். டில்லி வரை போய்வந்தவர் என்பதால் குடும்பத்தில் உலகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். தனியாக இருக்கிற பயலுக்கு டபுள் கட்டில் எதற்கு? அடுத்து, மீசையைத் திருக டிரஸ்ஸிங் டேபிள் வேண்டுமா? சீர் வேண்டாம் என்று எவனாவது சொல்வானா, சொல்கிறான் என்றால் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிவிட்டான் என்று அர்த்தம். அத்தோடு வீடே இடிந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

"அந்தக் கட்டில்ல யாரு படுக்கா?"

"யாரும் படுக்கல. நான் கீழ பாய்ல படுக்கேன்."

"டபுள் கட்டில வச்சுக்கிட்டு, நீங்க தரையில படுக்கீங்க."

"ஆமா."

வைத்துவிட்டாள். நான் சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனால் அதை நானே நம்பியிருக்கமாட்டேன். அடுத்த மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை. லைனில் என் கை வேலை செய்தது, மனசு வேறெங்கோ இருந்தது. நல்ல பாகங்களை ரிஜெக்ட் டப்பாவில் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவள் இல்லாவிட்டால் இந்த வீடு எனக்கு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. முடிந்து பன்னிரண்டு மணி வாக்கில் வந்து வாசலைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னால் கனைப்புச் சத்தம் கேட்டது. மாமனாராக வரவேண்டியவரும் அந்தத் தாய்மாமனும் ஆளுக்கு ஒரு பையோடு நின்றார்கள். ராத்திரி பஸ் பிடித்து வந்து, காலையிலிருந்து கோவில் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்க மாமா என்றேன். மாமனார் என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள போகலாமா தம்பி" என்றார். போன வாரம் வரை நான் மாப்பிள்ளை.

அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தெரு முனையில் பூ விற்கும் அம்மாவிடம், இந்த வீட்டில் இருக்கிற பையன் எப்படி என்று விசாரித்திருக்கிறார்கள். அந்தம்மாவும் நாரைத் திரித்தபடியே நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறது. தங்கமான பையன், தானுண்டு வேலையுண்டு என்று இருக்கிறான், பாவம் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாலு மாதமாகக் கையால் பொங்கித் தின்கிறான் என்று. தாய்மாமன் அதை வரிக்கு வரி ஒப்பித்தபோதுதான், வீட்டுக்காரர் தெருவுக்கு என்ன சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. கோவில் தெருவில் பிரம்மச்சாரியைக் குடிவைத்தால் பேச்சு வரும் என்று எனக்குக் கல்யாணம் செய்துவைத்து, பிள்ளையும் கொடுத்து, பெண்டாட்டியை ஊருக்கும் அனுப்பிவைத்திருக்கிறார் மனிதர்.

தாய்மாமன் போலீஸ்காரர் மாதிரி அறை அறையாகப் போனார். கட்டிலைப் பார்த்தார். இரண்டு தலையணையைப் பார்த்து, இரண்டு விரலைத் தூக்கி மாமனாருக்குக் காட்டினார். பீரோவை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றார். என்னிடம் இல்லை என்றேன். உங்க வீட்டுப் பீரோவுக்கு உங்ககிட்டயே சாவி இல்லையோ என்றார். கடைசியாக டிரஸ்ஸிங் டேபிள் முன்னால் போய் நின்றார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தினமும் நின்ற எனக்கு, அதில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது யாரு பொட்டு தம்பி?"

கடைக்காரன் ஒட்டியது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. மாடிப்படியில் ஓடி வீட்டுக்காரரை அழைத்துவந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். பூக்காரம்மாவிடம் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். தெருவுக்காக அப்டி சொல்லிக்கினேன், பையன் மேல தப்பு இல்ல என்றார். சாமான்கள் எல்லாம் தன்னுடையவை, வெளிநாட்டுக்காரர்களுக்காக வாங்கிப் போட்டவை என்று முத்திரைத்தாளையும் நீட்டினார். தாய்மாமன் அதை நிதானமாகப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"எல்லாம் சரிதான் அய்யா. அப்ப இந்தப் பொட்டு? கொரியாக்காரன் வச்சிருந்தானோ?"

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வீட்டுக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார், கண்ணாடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சொல்லுங்க என்று நான் கெஞ்சினேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சோபாவின் பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்திருப்பேன். என் கல்யாணம் இவர் வாயில் தொங்குகிறது, இவர் தரையின் மொசைக்கை எண்ணுகிறார்.

மாமனார் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

"எனக்கு ஒத்தப் பொண்ணு தம்பி. இது வேண்டாம். நாங்க வாரோம்."

வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரரின் மகள். இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பி, நீலக் கோட்டும் அட்டையுமாக, கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். நாலு மாதத்தில் நான் அவளிடம் பேசியது கரன்ட் மீட்டரைப் பற்றி மட்டும்தான். மேலே எல்லாம் கேட்டிருக்கிறது. அந்த வீட்டில் நான் புரண்டு படுத்ததே கேட்டது என்றால் இது கேட்காதா?

அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று மாமனாரைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தப் பொட்டு என்னோடதுங்க."

"வாணாம்மா, நீ போ, பஸ்ஸுக்கு டைம் ஆச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"இருப்பா. இந்தக் கட்டிலு, பீரோ, எல்லாமே எங்கப்பா எனக்குக் குடுத்த சீருங்க. ஏழு மாசம் புருசன் வூட்ல இருந்துச்சு. அப்புறம் என்னோட சேர்த்து திருப்பி அனுப்பிட்டாங்க. துபாய்ல யாரும் இல்ல. தெருவுல தல குனியக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிக்கினு கீறாரு. அதுக்காக இன்னொரு பொண்ணு கல்யாணம் நிக்க வாணாம்."

ஒரே மூச்சில் சொன்னாள், லைனில் புரொடக்‌ஷன் கணக்கு ஒப்பிப்பதுபோல. சொல்லி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் போயிடும் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். அவள் முனை திரும்பும் வரை நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மாமனார் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். சோபா கீச்சென்று கத்தியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் டம்ளரை வாங்கி, பழக்க தோஷத்தில், கண்ணாடி மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"புள்ளதான் திரும்பி வந்துட்டுல்ல" என்றார் மாமனார். "அப்புறம் எதுக்கு இதெல்லாம் உறைகூடப் பிரிக்காம வச்சிக் காப்பாத்துதீங்க? அங்க பிரிக்கவே இல்லையா?"

"பிரிச்சிதான் இருந்தது. நான்தான் கடைல சொல்லி புது கவர் வாங்கியாந்து போட்டேன்." வீட்டுக்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பழசாய்ட்டா, இன்னொரு தபா எப்டி குடுக்கறது? அவ இன்னொரு கல்யாணம் வாணாம்ன்றா. எப்பனா சரின்னுட்டா, நம்ம கையில இருக்கணும் இல்ல."

எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் தாய்மாமன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். நான் நாலு மாதமாக இந்த மனிதரைக் கஞ்சன், சந்தேகப்பிராணி என்று கேன்டீனில் கதைகதையாகச் சொல்லிச் சிரிக்கவைத்திருந்தேன். அத்தனை கதைக்கும் சேர்த்து அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. மாமனார் இரண்டு விஷயம் சொன்னார். தை பிறந்ததும் தன் மகளுக்குத் தானே சீர் கொண்டுவருவார், இந்தச் சாமான்கள் இந்த வீட்டுப் பெண்ணுக்கு உள்ளவை, அவற்றை மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். இது முதலாவது. இரண்டாவதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. ஊரில் இன்னும் பங்காளிகள் இருக்கிறார்கள், நாளைக்கே இன்னொருவர் பஸ் ஏறி வந்து இதே பூக்காரம்மாவிடம் விசாரிப்பார். அப்போதும் மாப்பிள்ளையின் பெண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்று அது சொன்னால் கல்யாணம் நிற்கும். ஆகவே வீட்டுக்காரரே வந்து அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்காரர் தலையாட்டினார். ஒரு நல்ல சட்டையாக மாற்றிக்கொண்டு வந்தார். தெரு முனைக்கு நூறு அடிதான் இருக்கும். நாலு பேரும் நடந்தோம். பெருமாள் புறப்பாடுகூட அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை.

பூக்காரம்மா ஒரு வாடிக்கைக்காரருக்குப் பூ அளந்துகொண்டிருந்தது. அவர் போகும் வரை காத்திருந்தோம். வீட்டுக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என்னைக் காட்டி, இந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, தையில்தான் ஆகப்போகிறது, இவர்தான் மாமனார், நான் உங்களிடம் சொன்னது பொய் என்று சொன்னார். மாமனார் கேட்டது அவ்வளவுதான். அதோடு நாங்கள் திரும்பியிருக்கலாம். அவர் நகரவில்லை. பூக்கூடையைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல், அடுத்ததையும் சொன்னார்.

"எம் பொண்ணும் புருசன் வூட்ட வுட்டு வந்துட்டாம்மா. துபாய்னு சொன்னதும் பொய்தான்."

அந்தம்மா நாரை வாயில் கடித்து அறுத்தது. வீட்டுக்காரரை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தது.

"பேச்சிலரா நீ? நாலு மாசமா தெரியாம போச்சே." பிறகு அவர் பக்கம் திரும்பியது. "உம் பொண்ணு விசயம் தெருவுக்கே தெரியும்யா. சாமான் ஏத்தின வேன் பட்டப்பகல்லதானே வந்துச்சு. துபாய்க்குப் போனவன போன மாசம்கூட வாலாஜாபாத் பஸ்ல பாத்தேன், டிக்கெட் எடுக்க சில்லற இல்லாம கண்டக்டர்கிட்ட பேசிக்கினு இருந்தான்."

"தெரியுமா" என்றார் வீட்டுக்காரர்.

"எல்லாருக்கும் தெரியும். நீ சொல்லிக்கினு இருந்த. சரி, சொல்லட்டும்னு வுட்டுட்டோம்."

இரண்டு வருடம் தெருவிடமிருந்து அவர் மறைத்துவைத்ததை, இரண்டு வருடமும் தெரு அவருக்காகத் தெரியாததுபோல் வைத்திருந்திருக்கிறது. வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. தாய்மாமனும் சேர்ந்துகொண்டார். கடைசியில் மாமனாரும்.

சிரித்து ஓய்ந்ததும் வீட்டுக்காரர் சட்டைப்பையைத் தடவி, மகளுக்கு இரண்டு முழம் மல்லி கேட்டார். அந்தம்மா மூன்று முழம் அளந்து இலையில் சுற்றிக் கொடுத்தது.